தாரை வார்த்த விரதம்

சாமியின் காலில் குழந்தைவேலு விழுந்தார். எழவில்லை.

நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தவரின் முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மனிதருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ஒருவர் கைகூப்பினார். அவரைப் பார்த்து அடுத்தவரும் கூப்பினார். அடுத்தவர் கும்பிட்டால் நாமும் கும்பிட்டுவைப்பது நம் ஊர் வழக்கம்.

சாமி குனிந்து அவர் காதோரம் கேட்டார்.

"எந்திரிக்க முடியலீங்களா?"

"முடியலீங்க சாமி."

"எப்ப இருந்து?"

"தெரியலீங்க. கீழ விழுந்தாத்தானே தெரியுது."

சாமி மற்றவர்களைச் சாப்பிடப் போகச் சொன்னார். கூட்டம் கலைந்ததும் ஒரு முக்காலியை இழுத்து அவர் தலைமாட்டில் வைத்தார். குழந்தைவேலு முழங்காலை ஊன்றி, முக்காலியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆசிரமம் பவானி ஆற்றங்கரையில் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கிணறு, ஒரு அடுக்களை, வேப்பமரத்தடியில் ஒரு கட்டில், அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். பெரிய சாமி சமாதியான பிறகு இந்தச் சாமி பொறுப்பேற்றார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. தென்னைமரம் ஏறித் தானே தேங்காய் பறிப்பார். குழந்தைவேலுவுக்கோ அறுபத்தெட்டு. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்துவிட்டு, இப்போது ஆசிரமத்துக்குப் பக்கத்து ஊரோடு வந்துவிட்டவர். நாற்பது வருஷம் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, மற்றவர்கள் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பெரிய சாமி காலத்திலிருந்தே சிஷ்யர். வயதில் சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொள்வதில் அவருக்குக் கஷ்டம் எதுவும் இருக்கவில்லை. எழுந்து நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"கேள்வியோட வந்தீங்களா, சும்மா வந்தீங்களா?" என்றார் சாமி.

"கேள்விதானுங்க."

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு வருகிறவர் முதலில் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்தித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் கேட்கலாம். பாதிப் பேர் குடம் மேலே வருவதற்குள் கேள்வி தேவையில்லை என்று போய்விடுவார்கள். பெரிய சாமி அதற்காகவே இந்த வழக்கத்தை வைத்தார் என்று சொல்கிறவர்களும் உண்டு.

குழந்தைவேலு கயிற்றைப் பிடித்து இழுத்தார். குடம் பாதிக் கிணறு ஏறியது. அதற்குமேல் கை கேட்கவில்லை. கயிறு உருவிக்கொண்டு ஓட, குடம் மறுபடி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"தண்ணி அப்புறம் பாத்துக்கலாம். கேளுங்க" என்றார் சாமி.

"பயம் எப்படிங்க சாமி போகும்?"

"என்ன பயம்?"

குழந்தைவேலு சிவந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"பாவாயிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோச்சுங்கல்ல. கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து கட்டிலுக்கு, நான்தான் தூக்கி வெக்கறேன். காலையில ராசாத்தின்னு ஒரு பொண்ணு வந்து குளிக்கவெச்சுட்டுப் போயிரும். மத்த நேரமெல்லாம் நான்தானுங்க. போன வாரம் தூக்கறப்ப முட்டி மடிஞ்சுபோச்சு. அவளோட சேந்து விழுந்துட்டேன். அவ மேலயே விழுந்துட்டனுங்க சாமி."

"அடி பட்டுச்சுங்களா?"

"தோள்பட்டை கருத்துப்போச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்லையாம். அதைவிடுங்க. அதுக்கப்புறம் நான் தூக்கக் குனிஞ்சா, நல்லா இருக்கற கையில கட்டில் சட்டத்தை இறுக்கிப் புடிச்சுக்கறா. என்னைப் புடிக்க மாட்டேங்கறா." அவர் கிணற்றுச் சுவரை அதேபோல இறுக்கிப் பிடித்துக் காட்டினார். "கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சுங்க. என்னைப் பாத்து அவ பயந்ததே இல்லீங்க."

சாமி கயிற்றைச் சுருட்டிவைக்க, குழந்தைவேலு தொடர்ந்தார்.

"எங்க பொண்ணு வந்து பாத்துட்டு அழுதுட்டா. கோயமுத்தூர்ல ஒரு ஹோம் இருக்குதாம். ஆடியில இடம் காலியாகுமாம். பதினெட்டாம் பெருக்கு நோம்பி முடிஞ்சதும் வண்டி கொண்டாந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போறேங்கறா. அவளையும் தப்புச் சொல்ல முடியலீங்க. அவ சொல்றது நியாயந்தான்."

"இப்ப மாசி" என்றார் சாமி.

"ஆமாங்க."

"விழுந்த அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். பயத்தைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாரே என்று முகத்தில் இருந்தது.

"கஞ்சிங்க. ஒருவேளை. உப்பில்லாம. குலதெய்வத்துக்கு வேண்டியிருக்கேன். பாவாயி எந்திரிச்சு நடக்கற வரைக்கும் ஒருவேளைக் கஞ்சிதான்னு."

"எப்ப இருந்து?"

"ஐப்பசியில இருந்துங்க. டாக்டரும் எடையக் குறைங்க, குறைங்கன்னுட்டே இருந்தாரு. அதுக்கும் ஆச்சு, இதுக்கும் ஆச்சுன்னு நெனச்சேன். நல்லாக் குறைஞ்சுதுங்க. எல்லாரும் மெலிஞ்சுட்டீங்களேன்னு கேட்டாங்க." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் லேசாக மலர்ந்தது.

"வேட்டியக் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க."

ஏற்றிக் கட்டினார். சாமி பார்த்தார். குழந்தைவேலுவும் குனிந்து பார்க்க முயன்றார், வயிறு மறைத்தது. தொப்பை அதே இடத்தில்தான் இருந்தது. தொடையைத்தான் காணோம்.

"விரதத்தை விட்டுருங்க."

"மாட்டேனுங்க."

"மண்டிக்காரரே..."

"சாமி, நீங்க வேற என்ன சொன்னாலும் கேக்கறேன். இது மட்டும் முடியாதுங்க. சாமிக்குச் சொன்ன வாக்கு. நான் விட்டு, அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?" ஏற்றிக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

சாமி தொட்டிப் பக்கம் போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். தன் உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினார்.

"விட வேண்டாம். எனக்குத் தாரை வார்த்துக் குடுத்துருங்க."

"என்னதுங்க?"

"விரதத்தை. பொண்ணையே தாரை வார்த்துக் குடுக்கறோம். கஞ்சியக் குடுக்கக் கூடாதா? வாக்கு அப்படியே இருக்கும். ஆள் மட்டும் மாறுது. பாவாயம்மா நடக்கற வரைக்கும் ஒருவேளைக் கஞ்சி, உப்பில்லாம. நான் குடிக்கறேன்."

"சாமி, அது பாவங்க."

"யாருக்கு?"

சாமி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் குழந்தைவேலு சொம்பைச் சாய்த்தார். தண்ணீர் சாமியின் கையில் விழுந்து மண்ணில் வழிந்தது.

"இனிமே நீங்க விரதக்காரர் இல்லை" என்றார் சாமி. "வீட்ல கோழி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அதுங்ககிட்டச் சொல்லிருங்க, முட்டை வேணும்னு. தினமும் காலையில ஒரு கேள்வியோட வாங்க."

அடுத்த நாள் குழந்தைவேலு வந்தபோது கிணற்றடியில் வேறொரு குடம் இருந்தது. சின்னது. கோவில் அபிஷேகத்துக்கு எடுப்பது போன்றது. அவர் அதைச் சேந்தினார். மேலே வந்தது. தொட்டியில் ஊற்றிவிட்டுப் பெருமையோடு வந்து கேட்டார்.

"மனசை எப்படிங்க அடக்கறது?"

"தெரியலீங்களே" என்றார் சாமி. "பிள்ளையாரைக் கேட்டுப் பாருங்க. தோப்புக்கரணம் போட்டாத்தான் பதில் சொல்லுவாரு."

குழந்தைவேலு அரசமரத்தடிக்குப் போனார். இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். முட்டி நடுவழியில் நின்றுகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சாமி முக்காலியைக் கொண்டுவந்து அவர் பின்னால் வைத்தார்.

"இதுல உக்காந்து எந்திரிங்க. கையை ஊனாம."

"பாதித் தோப்புக்கரணம் போட்டாப் பிள்ளையாரு கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"அவருக்கும் தொப்பை இருக்குது. புரிஞ்சுக்குவாரு."

உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். தொடை எரிந்தது. போதும் என்று நினைத்தபோது சாமி "இன்னும் ஒண்ணு" என்றார். அது முடிந்ததும் அவரை அடுக்களைக்குக் கூட்டிப்போய் இலை போட்டார். இலையில் கொள்ளுப்பருப்பு, சுண்டல், கெட்டித் தயிர். சோறு ஒரு ஓரமாகக் கொஞ்சமாய் ஒதுங்கியிருந்தது.

"சோறு கம்மியா இருக்குதுங்களே."

"மண்டியில நெறையச் சாப்பிட்டுட்டீங்க. இப்பப் பருப்போட முறை."

எதிரில் உட்கார்ந்து சாமி உப்பில்லாத கஞ்சியைக் குடித்தார். குருவைக் கஞ்சி குடிக்கவிட்டுத் தயிரைப் பிசைந்து சாப்பிடுகிற சிஷ்யனை எந்தக் கதையிலாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? குழந்தைவேலு இலையைப் பார்த்தபடியே இருந்தார்.

"சாப்பிடுங்க" என்றார் சாமி. "நீங்க மிச்சம் வெச்சா நான் குடிக்கறது வீணாப் போயிரும்."

அவர் சாப்பிட்டார்.

இப்படியே பங்குனி போயிற்று. கேள்விகளும் போய்க்கொண்டிருந்தன. முதலில் மாயை, கர்மம், மறுபிறவி என்று பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சாமி "தெரியலீங்களே" என்றார். பிறகு, மாட்டுக்குப் பால் ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டார். அதற்கு மட்டும் விவரமாகப் பதில் வந்தது. சித்திரையில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் வந்தார். தண்ணீர் சேந்தினார், தோப்புக்கரணம் போட்டார், சாப்பிட்டார். முக்காலி ஒருநாள் காணாமல்போனது. குடம் எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் ஊற்றிக்கொண்டிருக்கும்போது குனிந்து பார்த்தார். முதல்நாள் கிணற்றில் நழுவிய அதே பெரிய குடம். விளிம்பில் பழைய நெளிசல்கூட அப்படியே இருந்தது.

அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். படவில்லை. திரும்பிச் சாமியைப் பார்த்தார்.

சாமியின் கன்னம் ஒட்டியிருந்தது. தென்னைமரம் ஏறி வெகுநாள் ஆகியிருந்தது. பேசும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார். நடக்கும்போது சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

ஊரில் பேச்சு வேறு. தன் விரதத்தைச் சாமி தலையில் கட்டிவிட்டு, மண்டிக்காரர் கொள்ளும் தயிருமாகத் தின்று கொழுக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். ராசாத்தி வந்து அதை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழந்தைவேலு அன்றைக்கு ஆசிரமத்துக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போனார்.

"சாமி, விரதத்தைத் திருப்பிக் குடுத்துருங்க."

"தாரை வார்த்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் இல்லீங்க."

"எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"முன்னால ஒரு பயம் சொன்னீங்க. அது என்னாச்சு?"

"அதுவும் இருக்குதுங்க. இப்ப ரெண்டு."

"பாவாயம்மா என்ன பண்றாங்க?"

"இன்னமும் சட்டத்தைத்தான் புடிக்கறா. எனக்குத் தூக்கற தெம்பு வந்துருச்சுன்னு தோணுது. ஆனா அவ கை அந்தச் சட்டத்துல இறுகறதைப் பாத்தா எனக்கே கை விட்டுப்போகுது. ராசாத்தி வர்ற வரைக்கும் கட்டில்லயே கிடக்கட்டும்னு விட்டுடறேன். அவளும் ஒண்ணும் சொல்றதில்லை. கூரையப் பாத்துட்டே படுத்திருக்கா."

சாமி தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி சேந்திட்டீங்களா?"

"ஆச்சுங்க."

"அப்பச் சாப்பிட வாங்க."

குழந்தைவேலுவுக்குக் கோபமே வந்துவிட்டது. மனிதர் உயிர் போகிற மாதிரி ஒன்றைச் சொன்னால், சாப்பிட வாங்க என்கிறாரே! ஆனாலும் போய் உட்கார்ந்தார். குருவிடம் கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கவும் முடியாது. விரதம்தான் கைமாறிப் போயிற்றே.

ஆடி பிறந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. வளர்மதி, அதுதான் மகள், போன் செய்தாள். நோம்பிக்கு மறுநாள் வருவதாகச் சொன்னாள். "அம்மாவோட துணியெல்லாம் எடுத்து வெச்சிருங்கப்பா" என்றாள். குழந்தைவேலு சரி என்றார். போனை வைத்த பிறகு பாவாயியின் சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவள் ஒரு சேலையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் சேலைகளை மறுபடி பீரோவிலேயே வைத்துப் பூட்டினார்.

நோம்பி அன்று காலை அவர் ஆசிரமத்துக்குப் போனபோது, சாமி தொட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தார். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. குழந்தைவேலுவைப் பார்த்ததும் எழப்போனார். கையை ஊன்றினார். எழவில்லை. மறுபடி ஊன்றினார். முழங்கை மடங்கியது. சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்தார்.

குழந்தைவேலு ஓடினார். அவர் ஓடி எத்தனையோ வருஷம் இருக்கும். ஓடியது அவருக்கே தெரியாது. சாமியின் பக்கத்தில் குந்தினார், இரண்டு கைகளையும் அவர் கக்கத்தின் கீழே கொடுத்து, மார்போடு சேர்த்து அணைத்து, எழுந்தார். சாமியும் எழுந்தார்.

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"மண்டிக்காரரே" என்றார் சாமி, அவர் தோளில் சாய்ந்தபடியே. "இப்ப எதைப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

"உங்களைத்தானுங்க."

"முக்காலி?"

"இல்லீங்க."

குழந்தைவேலு அழுதார். விக்கி விக்கி அழுதார். "ஒரு குடம் தண்ணி கனம்கூட இல்லீங்களே சாமி. இப்படி ஆயிட்டீங்களே. அவ நடக்க மாட்டாளுங்க. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. அவ நடக்கற வரைக்கும்னா நீங்க கடைசி வரைக்கும் கஞ்சிதான் குடிக்கோணும்."

"டாக்டர் எப்பச் சொன்னாரு?"

"ஐப்பசியில."

"நீங்க விரதம் எடுத்தது?"

"அதுக்கு மறுநாளுங்க."

"அப்பத் தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்க."

குழந்தைவேலு தலை குனிந்தார். சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். "நான் போனாப் போறேன், அவ நல்லா இருக்கட்டும்னு நெனச்சேனுங்க."

"நீங்க போயிட்டா, அவங்களை நாற்காலியில யாரு உக்கார வெப்பாங்க?"

ஆற்றுப் பக்கம் பெண்கள் முளைப்பாரி கொண்டுபோகும் சத்தம் கேட்டது. குழந்தைவேலு சாமியை மெதுவாக நடத்திக்கொண்டுபோய் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்காரவைத்தார். பிறகு வழக்கம்போலத் தண்ணீர் சேந்தினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வண்டி வந்தது.

வளர்மதியோடு ஓட்டுநரும் இறங்கினார். வாட்டசாட்டமான ஆள். "அவர் தூக்கிக்குவாருப்பா. நீங்க நகந்துக்குங்க" என்றாள். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருப்பாள்.

பாவாயி புது ஆளைப் பார்த்தாள். கை கட்டில் சட்டத்துக்குப் போனது.

"நான் தூக்கறேன், கண்ணு" என்றார் குழந்தைவேலு.

"அப்பா, வேண்டாம்ப்பா. போன தடவையே..."

"வண்டிக்குத் தூக்கிட்டுப் போறதுன்னாலும் நான்தான் தூக்கறேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு."

அவர் கட்டிலருகே போனார். பாவாயியின் விரல்கள் சட்டத்தில் வெளுக்கும்படி இறுகின. கை விட்டுப்போகும்போல் இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவர் பின்வாங்குவார்.

"பாவாயி. சட்டத்தை விடு, புள்ளே."

அவள் விடவில்லை.

அவர் இரண்டடி பின்னால் போனார். வலதுகையால் இடதுகாதையும் இடதுகையால் வலதுகாதையும் பிடித்துக்கொண்டார். அவள் கண்ணைப் பார்த்தபடி, எதையும் பிடிக்காமல், தரைவரை குந்தினார். எழுந்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள் வளர்மதி.

அவர் மறுபடி குந்தினார். எழுந்தார். தொப்பை குலுங்கியது. மறுபடி குந்தினார். "உன்னையக் கீழ போட்டதுக்கு" என்றார், எழும்போது. மறுபடி குந்தினார். "உன்கிட்டச் சொல்லாம விரதம் இருந்ததுக்கு." எழுந்தார். ஓட்டுநர் முதலில் சிரித்தார், பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாவாயியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வளர்மதி அம்மா அழுகிறாள் என்று நினைத்தாள். அழவில்லை. சிரித்தாள். வாதம் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம் அது. சட்டத்திலிருந்து ஒரு விரல் கழன்றது. பிறகு மற்றவை. கை மேலே எழுந்து, காற்றில் கொஞ்சம் தடுமாறி, அவர் பக்கமாக நீண்டது.

அவர் நெருங்கிக் குந்தினார். அந்தக் கை அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

தூக்கினார்.

முட்டி மடியவில்லை. பாவாயி அவர் நெஞ்சில் சாய்ந்து நின்றாள். இரண்டு பாதமும் தரையில் இருந்தன. அவர் நாற்காலிப் பக்கம் மெல்லத் திரும்பும்போது, நல்ல கால் தானாக ஒரு அடி எடுத்துவைத்தது. மற்றக் கால் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது. அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

வளர்மதி வாசலையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை அனுப்பிவிட்டு வந்தாள்.

"நான் நாலு நாள் இருந்து பாக்கறேன்" என்றாள்.

"இரு" என்றார் குழந்தைவேலு.

அம்மாவுக்குத் துணையாக அவளை விட்டுவிட்டு அவர் ஆசிரமத்துக்கு நடந்தார். வேகமாகத்தான் நடந்தார். வழியில் யாரோ கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. சாமி வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சிச் சட்டி மூடியிருந்தது.

குழந்தைவேலு காலில் விழுந்தார். எழுந்தார்.

"ஒரு கேள்வி இருக்குதுங்க சாமி."

சாமி கிணற்றைக் காட்டினார். குழந்தைவேலு போய்ப் பெரிய குடத்தில் சேந்தி, தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, நடந்ததை எல்லாம் சொன்னார்.

"பாவாயம்மா நடந்தாங்களா?" என்று கேட்டார் சாமி.

"எப்படிங்க சொல்றது? நான்தான் தூக்கிட்டு இருந்தேன். ஒரு எட்டு வெச்சா. அவ்வளவுதானுங்க."

"கால் தரையில பட்டுச்சா?"

"பட்டுச்சுங்க."

"அவங்களா எடுத்து வெச்சாங்களா?"

"அவளாத்தானுங்க எடுத்து வெச்சா."

சாமி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கஞ்சிச் சட்டியின் மூடியை எடுத்தார்.

"உப்புக் கொண்டாங்க."

குழந்தைவேலு அடுக்களைக்கு ஓடினார். உப்போடு, கேட்காமலே, ஒரு கிண்ணம் பருப்பும் தயிரும் கொண்டுவந்து வைத்தார். சாமி கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "உப்புன்னா உப்புத்தான்" என்றார். பிறகு பருப்பை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நிதானமாக, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். குழந்தைவேலு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவிய பிறகு சாமி கேட்டார்.

"என்னமோ கேள்வின்னீங்களே?"

"பழைய கேள்விதானுங்க. மாசியில கேட்டது." குழந்தைவேலு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "இன்னைக்கு அவளைத் தூக்கிட்டேன். சாயந்திரம் தூக்கோணும். நாளைக்கும் தூக்கோணும். அடுத்த வருசம் எனக்கு இன்னும் வயசாகும். பயம் போகவே இல்லீங்க சாமி. தூக்கறப்பவும் இருந்துச்சு. அப்படியே முழுசா இருந்துச்சு."

சாமி எழுந்திருக்கக் கையை நீட்டினார். குழந்தைவேலு பிடித்துத் தூக்கினார்.

"இருக்கட்டும்" என்றார் சாமி. "இன்னைக்கு அதையும் சேத்துத்தானே தூக்கினீங்க?"